நாற்பத்து மூன்று பச்சை ஊர்கள்

நிறப்படம் வெளியான முதல் நாளே எங்கள் ஊர் வெள்ளக்கரடு சிவப்பாக இருந்தது. படத்தை உருவாக்கிய எட்டுப் பேரில் நானும் ஒருத்தி என்பதால் ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். வீட்டுக்குச் சொல்லவில்லை.

நிறப்படம் என்றால் என்னவென்று இன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதை எதற்காகச் செய்தோம் என்பது பலருக்கு மறந்துவிட்டது. நீர்மண் காப்பு ஆணையத்தில் களத்துக்குப் போகிற அதிகாரிகள் மொத்தமே இருநூறு பேர். ஆலைக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவர்களோ மாநிலம் முழுக்க இருந்தார்கள். இருநூறு பேரை எங்கே அனுப்புவது? அதைச் சொல்வதற்காகத்தான் படம். செயற்கைக்கோள் காட்சி, ஆறுகளில் மிதந்து மாசை அளக்கும் உணரிகள், லாரிகள் போகும் தடம், மக்கள் போனில் அனுப்பும் புகார், இந்த நான்கையும் சேர்த்து, எந்த ஊரில் மாசுக் குற்றம் நடந்துகொண்டிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து, தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம் பூசும். சிவப்பு ஊருக்கு அதிகாரிகள் போவார்கள், டிரோன் பறக்கும், நிலத்தடி நீரைக் குடிக்கக் கூடாது என்பதால் தண்ணீர் லாரியும் போகும். பச்சை ஊருக்கு யாரும் போக மாட்டார்கள்.

படத்தை ஜனங்களும் பார்ப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. ஒரே மாதத்தில், சிவப்பு ஊர்ப் பால் வேண்டாம் என்று கொள்முதல் நிலையங்கள் கேனைத் திருப்பி அனுப்பின. அப்பா இருபது வருடமாகப் பால் ஊற்றிய இடத்தில், அவருடைய கேனை மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் ஊரின் நிறத்தைக் கேட்டார்கள்.

என் தங்கை கௌசிகாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெருந்துறைப் பக்கம் ஒரு வரன் கைகூடி, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அம்மா போன் செய்தாள்.

"மாப்ள ஊட்டுல நாளத் தள்ளி வெக்கச் சொல்றாங்க வசு."

"எதுக்கும்மா?"

"நம்மூரு செவப்பு அடங்கட்டும்ங்கறாங்க. புள்ளைக்கு ஒடம்புல ஏதாச்சும் இருக்குமோன்னு அந்தப் பையனோட அக்கா கேட்டுச்சாமா. உங்கப்பா மாட்டுத் தொண்டுப்பட்டில போயி உக்காந்துட்டு சோத்துக்கே வர்ல." பிறகு கேட்டாள்: "நீ அங்கதான வேல பாக்கற? உன்னால ஒண்ணும் ஆகாதா?"

"அப்படியெல்லாம் மாத்த முடியாதும்மா" என்றேன். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் எங்கள் பிரிவுத் தலைவர் இதயதுல்லா கூட்டம் ஒன்றைக் கூட்டினார். போட்டி ஆலைக்காரர்கள் ஆள் வைத்துப் பொய்ப் புகார் அனுப்புகிறார்கள், பக்கத்துத் தோட்டக்காரனோடு வாய்க்கால் தகராறு என்றால்கூட எங்களுக்குப் புகார் வருகிறது, இதை எப்படி வடிகட்டுவது என்பதுதான் பேச்சு. நான் கை தூக்கினேன்.

"ஒரே போன்ல இருந்து திரும்பத் திரும்ப வர்ற புகாருக்கு மதிப்பைக் குறைச்சிடலாம் சார். ஒரு ஊர்ல இருந்து வர்ற மொத்தப் புகாரும் ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் அனுப்பினதுன்னா, அதுக்கு மதிப்பு பூஜ்யம். மத்த மூணு வழியில ஏதாவது தெரிஞ்சா மட்டும் சிவப்பு."

"நியாயமாத்தான் இருக்கு" என்றார். "எத்தனை ஊர் மாறும்?"

"கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டேன் சார். நாப்பத்து மூணு."

பட்டியலைக் கேட்டார். அனுப்பினேன். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். பட்டியலில் முப்பத்தோராவது ஊர் வெள்ளக்கரடு. எங்கள் ஊரிலிருந்து புகார் அனுப்பியவர்கள் இரண்டே பேர் என்பதை நான் முன்பே எடுத்துப் பார்த்திருந்தேன். அந்த 'இரண்டு' என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. 'ஒன்று' என்று வைத்திருந்தால் எங்கள் ஊர் மாறியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளக்கரடு பச்சையானது. அதே மாதம் நிச்சயம் நடந்தது, ஆவணியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் எதையாவது செய்தேனா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி நின்றுபோனது. யாரும் வருத்தப்படவில்லை. லாரி வராத ஊர் என்பதே ஒரு கௌரவமாக இருந்தது.

மூன்று வருடங்கள் நன்றாகவே போயின. பதவி உயர்வுகூட வந்தது. புகார்களை வடிகட்டும் அந்த விதியை இரண்டு மாநிலத்துக்காரர்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

பிலவேந்திரன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. திண்டுக்கல்காரர், கள அதிகாரி. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தார்.

"மேடம், இந்த ஊர் ஏன் பச்சையா இருக்கு?"

ஆட்டையாம்பள்ளம். காங்கயத்துக்குத் தெற்கே இருநூறு வீடுகள் உள்ள ஊர்.

"ஏன், என்ன?"

"டயாலிசிஸ்ல பதினேழு பேர் இருக்காங்க. ஒரே ஊர்ல பதினேழு பேர். நான் ஒண்ணும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கல. எங்க சித்தப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில், அதுக்கு அடுத்த கட்டில், எல்லாரும் ஆட்டையாம்பள்ளம்ங்கறாங்க. படத்தைத் திறந்தா பச்சை."

கணினியில் ஊரை எடுத்தேன். செயற்கைக்கோளில் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆறு இல்லை, அதனால் உணரி இல்லை. லாரித் தடம் சாதாரணம். புகார்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே போனிலிருந்து. மதிப்பு பூஜ்யம்.

பிலவேந்திரன் குனிந்து பார்த்தார். "முன்னூத்திப் பன்னெண்டா? ஒரே ஆளா? மனநிலை சரியில்லாதவங்களா இருக்குமோ?"

"இருக்கலாம்" என்றேன்.  இந்த ஊரும் இருந்த அந்த நாற்பத்து மூன்று ஊர்ப் பட்டியலில் வெள்ளக்கரட்டைத் தவிர வேறு எந்த ஊரின் பெயரையும் நான் இதுவரை வாசித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இருவரும் போனோம். புகார் அனுப்பியவர் பெயர் பழனாத்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் போனபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர் அண்டாவைக் கவிழ்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆணையத்திலிருந்து வருகிறோம் என்றதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங் அம்மிணி. வாங் சார். டீ வெக்கட்டுங்களா? கேன் தண்ணிதானுங், பயப்படாதீங்க."

அவர் அடுப்பைப் பற்றவைக்கிற வரைக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, நான் அனுப்புனதையெல்லாம் ஆராச்சும் படிச்சாங்களா?"

"படிச்சோங்க்கா" என்றேன்.

பொய். அதில் ஒன்றைக்கூட ஒரு மனுஷரும் படித்ததில்லை. அப்படிப் படிக்கத் தேவையில்லாமல் செய்ததற்குத்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்டீன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் மத்தியானம் வருதுங். லாரி மேல குடிநீர்னு எழுதியிருக்குது. கரட்டுத் தோட்டத்துல தண்ணி வத்திப்போன போர்க்குழி ஒண்ணு கெடக்குது. அதுக்குள்ள ஓஸ உட்டுட்டு டிரைவரு வேப்ப மரத்தடியில உக்காந்து சோறு உங்கறாரு. அவரு கை கழுவறதுக்குள்ள லாரி காலி. ரெண்டு நாள் கழிச்சு எங்க கெணத்துத் தண்ணி நொரைக்குது. ஒருக்கா ஊதா, ஒருக்கா கருஞ்செவப்பு. ஆறப் போட்டா நெறம் அடில தங்கிரும். மேல இருக்கறத எடுத்துக் குடிச்சாங்க எல்லாரும்."

பிலவேந்திரன் என் பக்கம் திரும்பினார். "சாயக் கழிவு மேடம். மண்ணுக்கு மேல ஓடறதைத்தான் சாட்டிலைட் பார்க்கும். ஆயிரம் அடிக்குக் கீழ இறக்கறதை மூக்கும் நாக்கும் இருக்கிற மனுஷங்கதான் சொல்ல முடியும். இவங்க சொல்லியிருக்காங்க. நாமதான் பூஜ்யம் போட்டு வெச்சிருக்கோம்."

அந்த விதியை எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது.

அதற்குள் ஸ்கூட்டரில் ஊராட்சித் தலைவர் வந்துவிட்டார். குழந்தைவேலு என்று பெயர் சொன்னார். பழனாத்தாளைப் பார்க்காமலே பேசினார். "இங்க ஒரு வாடையும் இல்லீங் மேடம். இந்தம்மா சும்மா எதையாச்சும் அனுப்பிட்டே இருக்கும். நீங்க பொறப்படுங்." பிறகு என்னை மட்டும் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக அழைத்துப் போனார். குரல் இறங்கிவிட்டது. "செவப்பாக்கிப் போடாதீங்க மேடம். என்ற பொண்ணுக்கு வைகாசில கல்யாணம்."

"லாரி வர்றது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம இருக்குமுங்களா? நான் போயிக் கேட்டனுங். அந்த டிரைவரு சிரிக்கறான். காத்தால எந்திரிச்சதும் உங்க படத்தத்தான் பாப்பாங்களாமா. எந்த ஊரு பச்சையோ அங்க அதிகாரியும் வராது, டிரோனும் வராது. அதப் பாத்துத்தான் வண்டியத் திருப்பறாங்களாமா."

பழனாத்தாளிடம் திரும்பி வந்தேன். பாதியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, ஒரே ஆளு திரும்பத் திரும்பச் சொன்னா கம்ப்யூட்டர் நம்பாதுங்க்கா. வேற நாலு பேரும் அனுப்பியிருந்தாங்கன்னா..."

அவர் புரியாமல் பார்த்தார். "நாலு பேருங்களா? ஊரே சொல்லுச்சுங்களே அம்மிணி. ஒவ்வொண்ணுலயும் கடேசில பேரு போட்ருக்கனே. படிச்சமுன்னீங்க?"

போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, என் கையில் கொடுத்தார். முதன்முறையாக வாசித்தேன். 'வடக்கால வீதி செல்லக்குமார் ஊட்டுல மூணு பேருக்கு நாலு நாளா வாந்தி.' 'மாகாளி எருமை செத்த கண்ணுப் போட்டது. ரெண்டாவது தடவை.' 'டெய்லர் கிட்டுசாமிக்கு ஒண்ணுக்குப் போகலை.' 'தலைவர் சம்சாரத்துக்கு ரெண்டு காலும் வீங்கியிருக்குது.' நிமிர்ந்து பார்த்தேன். குழந்தைவேலு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவரு சம்சாரமே வந்து சொல்லுச்சுங்" என்றார் பழனாத்தாள். "எல்லாரும் இங்க சமையக்கட்டுக்குப் பின்னால வந்து சொல்லிட்டுப் போவாங்க. அவங்கவிங்க போன்ல அனுப்புனா, உங்களாலதான் ஊரு செவப்பாச்சுன்னு நாளைக்கு ஏச்சு வருமுல்லீங். எல்லாரு ஊட்டுலயும் பொண்ணு இருக்குது, பையன் இருக்குது. எனக்குப் புள்ள குட்டி இல்லீங். கட்டிக் குடுக்கறதுக்கு ஆருமில்ல. நீயே போட்டு உட்ருன்னு ஊரே எங்கிட்டக் குடுத்துச்சு."

"மொத்தம் எத்தனை வீட்டுக்காரங்க வந்து சொல்லியிருப்பாங்க?" என்றார் பிலவேந்திரன்.

"ஒரு ஊடு பாக்கியில்லீங். சொன்னவிங்கள்ல கொஞ்சப் பேரு இப்ப இல்ல."

ஜீப்பில் திரும்பும்போது நானும் பிலவேந்திரனும் பின் சீட்டில் இருந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் அவர் கேட்டார்: "அந்த ரெண்டு பேர் விதியை எழுதினது யாரு மேடம்?"

"நான்தான்."

கொஞ்ச தூரம் போனோம். "தெரிஞ்சேவா?"

"இந்த ஊர் தெரியாது. ஒரு ஊரை மாத்தணும்னுதான் எழுதினேன். எங்க ஊரை. தங்கச்சி கல்யாணம் நின்னுடும்னு."

அவர் உடனே டிரைவரை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அலுவலகம் வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இதயதுல்லாவின் அறைக்குப் போனேன். ஓய்வுபெற அவருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் முப்பத்தோராவது ஊர் என்னுடையது என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்ப சார்?"

"அன்னைக்கே. பட்டியல் கேட்டு வாங்கினேன்ல. உங்க சர்வீஸ் புத்தகத்துல சொந்த ஊர்னு வெள்ளக்கரடுதானே இருக்கு."

"அப்புறம் ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?"

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சட்டென்று வயதானவராகத் தெரிந்தார்.

"பதினாலாவது ஊர் என் சம்சாரத்தோட ஊர், வசுமதி. என் மச்சானோட மூத்த பொண்ணை ரெண்டு இடத்துல பார்த்துட்டு வேண்டாம்னுட்டாங்க. தினமும் வீட்டுல அழுகை. நீங்க ஒரு நியாயமான காரணத்தோட வந்து நின்னீங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு." பிறகு சொன்னார்: "உங்களுக்கு ஒரு ஊர், எனக்கு ஒரு ஊர். மிச்சம் நாப்பத்தோரு ஊர் இருந்துச்சு. நாம ரெண்டு பேரும் அதைப் படிக்கவே இல்ல."

அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நிலைக்கண்ணாடியில் என்னையே பார்ப்பதுபோல இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

"ஆணையருக்கு எழுதுங்க" என்றார். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். இருவரையும் பணியிடை நீக்கம் செய்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. விதியை நீக்குவதற்குப் பத்து நாள் ஆனது. அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிலவேந்திரன் கரட்டுத் தோட்டத்தில் காத்திருந்து, சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த டிரைவரைப் பிடித்தார். பல சாயப்பட்டறைகளின் கழிவை மொத்தமாக ஏற்றிப்போகும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் லாரி அது. டிரைவரின் போனில் ஊர்களின் பெயரும் அதற்கெதிரே கிழமையும் இருந்தன. நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பது ஊர்கள். பிலவேந்திரன் அதை ஒரு வார்த்தைகூட எழுதாமல் எனக்கு அனுப்பியிருந்தார். வெள்ளக்கரட்டுக்கு வியாழக்கிழமை. இரண்டு வருடமாக.

விதி நீங்கிய அன்று காலை ஆறு மணிக்கு நாற்பத்து மூன்று ஊர்களும் சிவந்தன. ஆறே காலுக்கு கௌசிகா போன் செய்தாள்.

"அக்கா, நம்மூரு மறுபடியும் செவந்துருக்குது."

"ஆமா கண்ணு. நான் எழுதிக் குடுத்துத்தான் மாத்துனாங்க. மொதல்ல பச்சையாக்குனதும் நான்தான்."

எதையும் மறைக்காமல் சொன்னேன். கூட்டத்தில் கை தூக்கியது, இரண்டு என்ற எண், ஆட்டையாம்பள்ளம், வியாழக்கிழமை லாரி.  சொல்லி முடித்ததும் எனக்குத் தாங்காமல் கேட்டேன்: "உங்க மாமியார் ஏதாச்சும் சொன்னாங்களா?"

அந்த நேரத்திலும் எனக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"அவிங்க கெடக்கறாங்க" என்றாள். "நான் பிரசவத்துக்கு வந்து ஏழு மாசம் அங்கதான இருந்தேன்? பச்சை ஊருன்னுதான அந்தப் போர்த்தண்ணியக் குடிச்சேன். அம்மா அதுலதான கஞ்சி காச்சிக் குடுத்துச்சு. பாப்பாவுக்கு அதுலதான தண்ணி வாத்தோம்."

அவள் நிறுத்தவில்லை.

"கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போயிருக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

போனில் பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வயது. 

"சரி" என்றாள் கௌசிகா. "என்னென்ன டெஸ்ட் எடுக்கோணும்னு சொல்லு. எழுதிக்கறேன்."

சொன்னேன். கிரியாட்டினின். சிறுநீரில் புரதம். ரத்தத்தில் குரோமியம், ஈயம். வாய்க்குள் நுழையாத பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் எழுதுகிற பிள்ளைபோல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

"பாப்பாவுக்கு மட்டுமா, எனக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும்?"

"அவங்களுக்கும் கண்ணு."

"அப்ப இரு" என்றாள். காகிதம் கிழிக்கிற சத்தம் கேட்டது. "நாலு சீட்டா எழுதிக்கறேன். மொதல்ல இருந்து மெதுவாச் சொல்லு."